கோமதி ஆன்ட்டி ஊரில் இல்லை

வாழ்நாளில் முக்கால்வாசி ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடிக்காத என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இசட் பொத்தானில் இருக்கிற மஞ்சள் கறையை எத்தனை துடைத்தும் போகவில்லை. குழம்பு என்று அடிக்க, ழகரத்துக்கு அதைத்தானே தட்ட வேண்டும்? அடுப்பை அணைத்த கையோடு வந்து உட்காராதீர்கள் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். நான் சொல்லி எதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்?

இங்கே ஆகுர்டியில் மழை விட்டுவிட்டது. எண்ணெய் டின்னில் நீங்கள் வைத்த கறிவேப்பிலைச் செடிக்குப் பூச்சி விழுந்து, பாதி இலை சுருண்டு கிடக்கிறது. பக்கத்து வீட்டு மராத்திக்காரர் சிந்துதாய் மோர் தெளிக்கச் சொல்கிறார். தெளித்தேன். பிழைக்கும் என்று தோன்றவில்லை.

கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் இதை ஏற்றப்போவது உங்கள் வலைப்பூவில். 'கோமதி வீட்டுச் சமையல்' படிக்கிற எல்லோரும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்குக் கோமதி ஆன்ட்டியைத் தெரியும். ஆன்ட்டிக்கு முழங்கால் வலி என்று தெரியும், ஆன்ட்டி அடிக்கடி ஊரில் இருக்க மாட்டார் என்று தெரியும். மூன்று வருஷமாகக் கோமதி என்ற பெயரில் எழுதியது கோமதியின் வீட்டுக்காரர் என்று மட்டும் தெரியாது. மோட்டார் கம்பெனி பிரஸ் ஷாப்பில் தகரம் வெட்டிக் காது மந்தமாகிப்போன ஓர் ஆண்பிள்ளை. அவர் போன மாதம் ஒரு காலையில் டீ போட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து போய்விட்டார் என்பதும் தெரியாது. நீங்கள் மறைத்து வைத்ததை உங்கள் மகள் ஊருக்கெல்லாம் போட்டு உடைக்கிறாள். கோபம் வந்தால் வரட்டும், எனக்கும் கோபம்தான்.

இது எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். அம்மா போன பிறகு இரண்டு வருஷம் நான் சமைத்தேன். கல்யாணமாகி வாகட்டில் புருஷன் வீட்டுக்குப் போனதும் உங்களை மெஸ்ஸில் சாப்பிடச் சொன்னேன். ஒரு வாரம் போனீர்கள். அதன் பிறகு ஒருநாள் வந்து பார்க்கிறேன், அடுப்படியில் நிற்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் ஆத்திரம் வந்தது. அம்மா இருந்தவரை அடுப்படிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற சம்பந்தம்தானே?

அம்மா ஒன்றையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அளவு கேட்டால், "கைதானே சொல்லும்" என்பாள். நீங்கள் நாக்கை மட்டும் வைத்துக்கொண்டு தேடினீர்கள். வைப்பது, ருசி பார்ப்பது, "ம்ஹூம், இது அவ வச்சது இல்ல" என்று தலையை ஆட்டுவது, மறுபடி வைப்பது. சிந்துதாய் வீட்டுக்குப் போன புளிக்குழம்பில் ஒரு கல்யாணத்தையே நடத்தியிருக்கலாம்.

வருஷங்கள் கழித்து நீங்கள் ரிட்டையரானதும், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே என்று என் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தவளும், தமிழில் அடிக்கச் சொல்லிக்கொடுத்தவளும் நான். வலைப்பூ திறக்கும்போது பெயர் கேட்டது. நீங்கள் அம்மா பெயரை அடித்தீர்கள்.

"உங்க பேரு கேக்குப்பா."

"சமையலு அவளுதுதான? என் பேரப் போட்டா அது திருட்டுல்லா?"

எனக்கு அது பிடித்திருந்தது. தட்டைத் தள்ளிய மனுஷன் இப்படிப் பேசுகிறாரே என்று அந்தப் பெயரையே விட்டுவிட்டேன். முதல் பதிவு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இரண்டு நாள் கழித்து முதல் பின்னூட்டம் வந்தது: "சூப்பர் ஆன்ட்டி, எங்க அம்மா ஞாபகம் வந்துருச்சு." நீங்கள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தீர்கள். ஆன்ட்டி இல்லை, அங்கிள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள் என்றேன்.

"போடலாம், போடலாம்" என்றீர்கள். கடைசிவரை போடவில்லை.

சில இடங்களில் மாட்டிக்கொள்ளத்தான் பார்த்தீர்கள். சின்ன வெங்காயத்துக்கு அளவு சொல்லும்போது, "பத்தாம் நம்பர் நட்டு சைஸ்" என்று எழுதி வைத்தீர்கள். ஆன்ட்டிக்கு நட்டு போல்ட்டெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒரு பெண் கேட்டாள். "வீட்டுக்காரர் கம்பெனியில் வேலை பார்க்கிறார் கண்ணு, எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்" என்று பதில் போட்டுவிட்டு நீங்களே விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. அம்மா போனபின் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அப்போதுதான்.

ஒன்றே ஒன்றில்தான் நமக்குச் சண்டை. நீங்கள் வைத்தது அம்மா வைத்த மாதிரி இல்லை. கூட்டாஞ்சோறு என்றால் அம்மா கையில் முருங்கைக்கீரை பச்சையாகத் தெரியும், பருப்பு உதிரியாக இருக்கும், தாளித்த வாசனை மூக்கில் ஏறும். உங்கள் கூட்டாஞ்சோறு எல்லாம் ஒன்றாகிப் புளி ஊறிக் கறுத்துப்போய் இருந்தது. அதைவிட வேடிக்கை நீங்கள் எழுதிய கடைசி வரி. எந்தக் குறிப்பானாலும் அப்படித்தான் முடியும்: "இறக்கியதும் டப்பாவில் அடைத்து மூடவும். மத்தியானம் திறக்கவும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது."

"அம்மா வச்சது இது இல்லப்பா."

"இதுதாம்ட்டி. எனக்குத் தெரியாதா?"

"அடுப்புப் பக்கத்துல நின்னு சுடச்சுடத் தின்னவ நான்."

"நான் டப்பாவத் தொறந்து தின்னவன்லா? முப்பது வருஷம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விடிவதற்கு முன்னால் ஷிப்டுக்குக் கிளம்பிப் போகிற ஆளுக்கு அம்மாவின் சமையல் என்பது எப்போதும் அந்த இரண்டடுக்கு டப்பாவுக்குள் ஆறு மணி நேரம் அடைந்து கிடந்த சமையல்தான். ராத்திரியும் மிச்சத்தைச் சுட வைத்துத்தான் போடுவாள். நீங்கள் தேடிய ருசி அது. அடுப்பிலிருந்து இறங்கிய நிமிஷத்தில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் உங்கள் வலைப்பூவை அத்தனை பேர் தேடி வந்தது அந்தத் தப்பினால்தான். கராடியிலும் வாகட்டிலும் ஐடி கம்பெனிக்கு டப்பா கட்டிக்கொண்டு போகிற பெண்கள். மற்றவர்கள் சொன்ன சாதமெல்லாம் மத்தியானம் காய்ந்து வரட்டியாகிவிடும், ஆன்ட்டி சொன்னது மட்டும் திறக்கும்போதுதான் ருசிக்கிறது என்று எழுதினார்கள். உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, ஒங்கம்மா சமையல" என்றீர்கள். அது அம்மா சமையல் இல்லை, உங்கள் டப்பா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு சிந்துதாய்தான் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று வந்தவர்களுக்கெல்லாம் அவரே பரிமாறினார். எல்லோரையும் அனுப்பிவிட்டு நான் தட்டை எடுக்கும்போது மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. சோறு ஜில்லென்று இருந்தது. சுட வைத்துத் தரவா என்று கேட்டவர், கேட்ட வாய் மூடாமல் அழ ஆரம்பித்தார்.

"கோமதி தோ கபி கரம் நஹீ காதி தீ, பேட்டி" என்றார். சூடாக ஒருநாளும் சாப்பிட்டதில்லையாம் அம்மா. நீங்கள் ஷிப்டுக்கு, நான் காலேஜுக்கு, துணி, தண்ணீர், ரேஷன் எல்லாம் முடித்து மூன்று மணிக்குத்தான் தட்டோடு சிந்துதாயின் வாசற்படியில் வந்து உட்காருவாளாம்.

எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் நான் ருசித்ததுதான் அம்மாவின் சமையல் என்று உங்களோடு மல்லுக்கு நின்றேனே அப்பா. அம்மா தன் வாயில் வைத்தது உங்கள் டப்பாவில் இருந்த மாதிரி ஆறிப்போன சோற்றைத்தான். அது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் எழுதினீர்களா? தெரிந்திருந்தால் அவள் உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது, "நீயும் உக்காரு" என்று சொல்லியிருக்கலாமே? கேட்டு என்ன செய்ய, பதில் சொல்ல இரண்டு பேரும் இல்லை.

இனி மஞ்சுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதமே அவளால்தான். மஞ்சு அவள் உண்மைப் பெயர் இல்லை, யார் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மெயிலை நான் திறந்தேன். மூடாமல் விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். பின்னூட்டம்தான் வரும் என்று நினைத்திருந்தேன், தனியாக இத்தனை பேர் ஆன்ட்டிக்கு எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமியார் கொடுமை, ஆபீஸ் கொடுமை, வீட்டுக்காரன் பேசாமல் இருப்பது. அதிகம் எழுதியவள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் மஞ்சு, கராடியில் வேலை. அம்மா இல்லாதவள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவாள், உங்களுக்கு ஒவ்வொரு வரியும் எழுத்துக்கூட்டிப் படிக்க அரை நாள் ஆகியிருக்கும்.

அவளுக்கு முதல் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே உங்களுக்கு எழுதியிருக்கிறாள். நீங்கள் எழுதிய பதிலைப் படித்தேன். "எனக்கு என்ன சொல்லன்னு தெரியலம்மா. ரசம் வச்சேன். உனக்கும் ஒரு டம்ளர் ஊத்தி வச்சேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆறிப்போச்சு. நீ எதாவது சாப்பிடு."

அப்பா, அது எந்த மாதம் என்று பார்த்தேன். அதே மாதம்தான் என் கல்யாணம் முறிந்து பெட்டியோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் இந்த அறையில் இதைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். என்னிடம் வந்து, "சாப்ட்டியா" என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்றேன், போய்விட்டீர்கள். முகம் தெரியாத பெண்ணுக்கு அம்மா பெயரில் எழுதத் தெரிந்ததை என்னிடம் அப்பாவாக ஏன் சொல்லத் தெரியவில்லை? பொறாமைதான். செத்துப்போன தகப்பன்மேல் பொறாமைப்படுகிற மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மஞ்சுவுக்கு இப்போது குழந்தை பிறந்திருக்கிறது. பெண். குழந்தையை ஆன்ட்டி மடியில் போட்டு வாங்க வேண்டும் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். "ஆன்ட்டி ஊரில் இல்லை", "ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் வா." நீங்கள் போன பிறகும் மெயில் வந்தது: "ஏன் ஆன்ட்டி பதிலே இல்லை, நல்லாருக்கீங்களா, பயமா இருக்குங்க ஆன்ட்டி."

பதில் எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். விரல் வரவில்லை. விலாசத்தை மட்டும் எழுதி, "வாங்க" என்று முடித்துவிட்டேன். நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். உங்கள் புத்திதானே எனக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கராடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. கையில் பை. பையில் அரக்கு நிறச் சேலை, வெற்றிலை பாக்கு, பூ, குங்குமம். தாய் வீட்டுக்குப் போகிறவள் கொண்டுபோகிற மாதிரி எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "ஆன்ட்டி எங்கீங்க, உள்ள இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன. உங்கள் படத்தில் பூமாலை. அம்மா படத்தில் சாயம் போன பிளாஸ்டிக் மாலை.

"ஆன்ட்டியா?" என்றாள். "எப்பங்க?"

"பத்து வருஷத்துக்கு மேல ஆச்சும்மா."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு எழுதுனது?"

நான் உங்கள் படத்தைக் காட்டினேன்.

நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. படத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"என் வீட்டுக்காரருக்கு முன்னாடி உங்கம்மாகிட்டத்தாங்க எல்லாத்தையும் சொன்னேன். பொம்பளகிட்டச் சொல்றதா நெனச்சுத்தான் சொன்னேன். எல்லாத்தையும் ஒரு ஆம்பள படிச்சுட்டு உக்காந்துருக்காரு."

"அப்பா தப்பா எதுவும்..."

"தப்பா எழுதலீங்க. தப்பா எழுதியிருந்தா திட்டிப்போட்டுப் போயிருவேன். எங்கம்மா மாதிரி எழுதுனாரு. இப்ப நான் யாரைங்க திட்டறது?"

உங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா படத்துக்கு முன் வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். குழந்தையை யார் மடியிலும் போடவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "என்னைய மாதிரி இன்னும் எத்தனையோ பேரு எழுதிட்டு இருப்பாங்க. ஆன்ட்டிக்கு உடம்புக்கு என்னமோன்னு சாமி கும்பிட்டுட்டு இருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் சொல்லிருங்க. நான் வந்து நின்ன மாதிரி இன்னொருத்தி வந்து நிக்க வேண்டாமுங்க."

படியிறங்கிப் போய்விட்டாள். அதன்பின் மெயில் இல்லை. நான் எழுதியதற்கும் பதில் இல்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

அன்றிலிருந்து தினம் இந்த நாற்காலியில் வந்து உட்காருகிறேன். எழுதுகிறேன், அழிக்கிறேன். நீங்கள் ஏன் கடைசிவரை அந்த ஒரு வரியைப் போடவில்லை என்று இப்போது தெரிகிறது. ஊரை ஏமாற்ற நினைக்கவில்லை நீங்கள். தினமும் யாராவது ஒருத்தி, "ஆன்ட்டி நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள். நல்லா இருக்கேன் கண்ணு என்று நீங்கள் எழுதினீர்கள். எழுத எழுத அம்மா நன்றாக இருந்தாள். பொய் என்று தெரிந்தே நானும் அதில் கொஞ்சம் குளிர்காய்ந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தால் அம்மாவை விசாரிக்க யாராவது இருந்தார்களே.

ஆனால் அந்தச் சேலை மடிந்து பைக்குள் போனதை நான் பார்த்துவிட்டேன் அப்பா. அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். குறிப்புகள் ஒன்றையும் எடுக்க மாட்டேன், டப்பாவை மூடச் சொல்லும் கடைசி வரியையும் எடுக்க மாட்டேன். தனியாக எழுதிய பெண்களின் மெயில்களை இனி யாரும் படிக்க மாட்டார்கள், என்னையும் சேர்த்து. ஒவ்வொருத்தியிடமும் சம்மதம் கேட்டு அழித்துவிடுகிறேன். இதற்குக் கீழே வந்து உங்களைத் திட்டுபவர்களின் ஒரு சொல்லையும் நீக்க மாட்டேன். முழுவதையும் படித்து என் சொந்தப் பெயரில் பதில் சொல்வேன். உங்களுக்காக வாதாட மாட்டேன். அழுகை வந்தால் அழுதுகொள்கிறேன்.

அம்மா போன அன்றைக்கு ஊருக்குத் தந்தி கொடுக்க நீங்கள்தான் கிளம்பினீர்கள். தபாலாபீஸ் வரைக்கும் போய், தாளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் திரும்பி வந்தீர்கள். சிந்துதாயின் வீட்டுக்காரர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வெயில் தாங்கவில்லை, அதனால் திரும்பிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். நானும் அதை நம்பினேன்.

உங்களால் அன்றைக்கும் முடியவில்லை, அதற்குப் பிறகும் முடியவில்லை. நீங்கள் கொடுக்காத தந்தியை நான் கொடுத்துவிடுகிறேன், அப்பா.

கோமதி இறந்துவிட்டாள்.

உங்கள் மகளும், கோமதியின் மகளுமான
சாந்தி